மருந்து இருக்கிறது, வழி சொல்ல ஆள் எங்கே?

தமிழ்நாட்டில் உடம்பு முடியாமல் போனால் போக இடமில்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று அரசு ஏற்பாடு கிராமம் வரை பரவியிருக்கிறது. பொதுச் சுகாதாரத்துக்கென்று 1939-லேயே தனிச் சட்டம் இயற்றிய மாகாணம் இது. 1994-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. 108 ஆம்புலன்ஸ் 2008-ல் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டே உயிர்காக்கும் சிகிச்சைகளுக்கான அரசுக் காப்பீடு வந்தது. இவற்றுக்கு அப்பால் தெருவுக்குத் தெரு தனியார் கிளினிக்கும் நகரத்துக்கு நகரம் பெரிய மருத்துவமனைகளும் உண்டு.

இவ்வளவு இருந்தும், 2020-ல் தொற்றா நோய்கள் பற்றி மாநிலம் முழுக்க நடந்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பு ஒரு சங்கடமான உண்மையைச் சொன்னது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினர்தான். சர்க்கரை நோயாளிகளில் 10.8 விழுக்காடு. மாத்திரை கிடைக்காததால் மட்டும் வந்த எண்கள் அல்ல இவை. நோய் இருப்பதே தெரியாதவர்கள், தெரிந்தும் மருந்து தொடங்காதவர்கள், ‘பிரஷர் நார்மல் ஆயிடுச்சு’ என்று பாதியில் நிறுத்தியவர்கள் எல்லோரும் இதற்குள் இருக்கிறார்கள்.

கட்டடம், மருந்து, பணம் மூன்றையும் ஓரளவு கொடுத்துவிட்ட நம் ஏற்பாடு, இவற்றுக்கு நடுவே நோயாளிக்கு விளக்கிச் சொல்லி அழைத்துப் போகும் வேலையை யார் பொறுப்பிலும் விடவில்லை. அதற்காக அந்த வேலை நடக்காமலும் இல்லை. மகள் செய்கிறாள், மருமகன் செய்கிறார், ஊரில் ‘ஆஸ்பத்திரி விவரம்’ தெரிந்த ஒருவர் செய்கிறார், இரக்கமுள்ள செவிலியர் செய்கிறார், சில இடங்களில் தரகரும் செய்கிறார். அப்படி யாரும் வாய்க்காதவர் வழியிலேயே நின்றுவிடுகிறார். நோயாளி எங்கெங்கே தடுமாறுகிறார், அதற்கு இதுவரை என்ன மாற்று செய்து பார்த்திருக்கிறோம், எது பலித்தது என்பதைத் தொகுத்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

எந்த டாக்டரிடம் போவது?

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில், அவசரம் தவிர்த்த நோய்களுக்குப் பொதுநல மருத்துவரைப் பார்த்து அவர் எழுதிக்கொடுத்த பிறகுதான் நிபுணரிடம் போக முடியும். இங்கே அந்தக் கட்டுப்பாடு இல்லை. தலைவலி என்றால் நேராக நரம்பியல் மருத்துவர், மூட்டுவலி என்றால் நேராக எலும்பு மருத்துவர். சுதந்திரம்தான். ஆனால் எந்த உறுப்பில் கோளாறு என்று தீர்மானிக்கும் வேலை இதனால் நோயாளியின் தலையில் விழுகிறது. ஒரு காலத்தில் இந்தப் பொறுப்பை ஊரின் கைராசி டாக்டர் ஏற்றிருந்தார். மூன்று தலைமுறையின் உடல்வாகு அவருக்குத் தெரியும், எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதும் தெரியும். இளம் மருத்துவர்கள் பெரும்பாலும் மேற்படிப்பையும் நிபுணத்துவத்தையும் நாடிப் போய்விட, அந்த இடம் காலியாகிக்கொண்டே வருகிறது.

தவறான கதவைத் தட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மாரடைப்பைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. மேல்வயிற்றில் எரிச்சல், நெஞ்சில் அழுத்தம், வியர்வை. வீட்டில் அதற்கு வைக்கும் பெயர் ‘கேஸ்’. ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துப் பார்ப்பதிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும். 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இந்தத் தாமதத்தைக் குறிவைத்தே வந்தது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு மாரடைப்பு என்று தெரிந்தால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என்று 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்துவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கேஸ் என்று நினைப்பவர் அந்த வாசலுக்கு வந்தால்தானே மாத்திரை.

பக்கவாதத்திலும் இதே கதைதான். முகம் ஒருபுறம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது ஆகியவை தெரிந்த நான்கரை மணி நேரத்துக்குள், சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போனால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட வாய்ப்புண்டு. அங்கே மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, ‘கடைசியா எப்ப நல்லா இருந்தார்?’ என்பது. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், எழுந்த நேரத்தைச் சொல்லக் கூடாது. படுக்கப் போனபோது நன்றாக இருந்த நேரத்தைச் சொல்ல வேண்டும். ஊசி போடலாமா வேண்டாமா என்பதை அந்த ஒரு பதில் மாற்றிவிடும். இந்த விவரத்தைக் குடும்பத்துக்கு யார் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள்?

சாலை விபத்தில் மட்டும் இந்தக் குழப்பத்தை அரசு பெருமளவு எடுத்துக்கொண்டது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்துக்காரர் என்ற கேள்விகள் இல்லை. நோயாளி எதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தேவையே இல்லாதபடி அமைத்ததுதான் அதன் பலம்.

இரண்டு நிமிடமும் ஒரு சீட்டும்

அன்றாட நோய்களில் தடுமாற்றம் அமைதியாக நடக்கிறது. மருத்துவர் நோயாளியோடு செலவிடும் நேரத்தைப் பற்றி 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. சுவீடனில் சராசரி 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 வினாடி, இந்தியாவில் ஏறக்குறைய 2 நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் கேட்டறிந்து, தொட்டுப் பார்த்து, எழுதிக் கொடுத்து, விளக்கவும் வேண்டும். எது விடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

நோயாளியின் கையில் மிஞ்சுவது ஓ.பி. சீட்டு. அதில் 1-0-1 என்று எழுதியிருந்தால் காலையும் இரவும் என்று பலருக்கு இப்போது பழகிவிட்டது. ஆனால் பி.டி., டி.டி.எஸ்., எச்.எஸ்., எஸ்.ஓ.எஸ். என்ற சுருக்கங்கள் மருந்தாளுநருக்காக எழுதப்படுபவை. ‘எஸ்.ஓ.எஸ்.’ என்றால் தேவைப்பட்டால் மட்டும் என்று அறியாமல், வலி மாத்திரையை மாதக்கணக்கில் தினமும் விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. இன்னொரு ஆபத்து பிராண்டுப் பெயர்களால் வருவது. தனியார் மருத்துவர் ஒரு பெயரில் எழுதிய டெல்மிசார்டான் என்ற இரத்தக் கொதிப்பு மாத்திரையும், அரசு மருத்துவமனையில் வேறு அட்டையில் கிடைத்த டெல்மிசார்டானும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழ வேண்டியதுதான். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் நெறிமுறை 2016-ல் திருத்தப்பட்டது. சீட்டுகள் அதற்கேற்ப மாறியதாகத் தெரியவில்லை.

இதற்கு உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் எளிய வழி, சொன்னதை நோயாளியின் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைப்பது. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வேறு மாதிரிக் கேட்டுப் பார்க்கலாம்:

“பாட்டி, இந்தச் சின்ன மாத்திரையை எப்பப் போடுவீங்க?”

“காலைல, சாப்பாட்டுக்கு முந்தி.”

“ஒரு நாள் காலைல சாப்பிடலைன்னா?”

“அப்பவும் போட்டுருவேன். மாத்திரையை விடக்கூடாதுன்னு சொன்னீங்கல்ல.”

அந்தச் சின்ன மாத்திரை கிளிமிபிரைடு என்றால், விரத நாளில் பாட்டி மயங்கி விழுவார். சர்க்கரையை அது வேகமாக இறக்கும்; சாப்பிடாத வேளையில் அதைப் போடக் கூடாது. ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தப் பேச்சில்தான் ஆபத்து வெளிப்படுகிறது. மருத்துவரே பேச வேண்டும் என்பதில்லை. செவிலியரோ மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருப்பவரோ பேசலாம். ஆனால் நீண்ட வரிசைக்கு முன்னால் அவர்களுக்கும் அந்த ஒரு நிமிடம் ஒதுக்கப்படவில்லை.

மேல் சிகிச்சை என்ற நீண்ட பாதை

நிபுணத்துவச் சிகிச்சையில் சிக்கல் பல மடங்கு. மார்பில் கட்டி என்று வரும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். மேமோகிராம் ஒரு நாள், ஊசி வைத்துத் திசு எடுப்பது வேறொரு நாள், அறிக்கை வர ஒரு வாரம், பிறகு அறுவை சிகிச்சை, கீமோ, கதிரியக்கம். ஒவ்வொன்றுக்கும் வேறு துறை, வேறு கட்டடம், சில சமயம் வேறு ஊர். நோய் குணமாகக்கூடிய கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டும், இந்த இடைவெளிகளில் ஒன்றில் பயமோ பணமோ வீட்டு வேலையோ குறுக்கிட்டுத் திரும்பாமல் போகிறவர்கள் உண்டு. அவர்கள் வரவில்லை என்பது எந்தத் துறைக்கும் தெரியாது. ஒரு துறை அனுப்பிவிட்டது, இன்னொன்றுக்கு அவர் போய்ச் சேரவே இல்லை.

வேறு மருத்துவமனையில் கருத்துக் கேட்கலாம் என்று போகிறவர்கள் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோவார்கள். அங்கே ‘ஸ்லைடும் பிளாக்கும் எங்கே?’ என்று கேட்பார்கள். எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் துண்டுதான் பிளாக். முதல் ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கி வந்தால்தான் இங்கே மறுபடி பார்த்துச் சொல்ல முடியும். இதைச் சொல்ல ஆளில்லாததால் வெளியூர்க்காரருக்கு ஒரு பயணம் வீண்.

பணத்தின் பாதை இன்னும் சுற்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையம் என்று அலைந்து அட்டை வாங்கிய பிறகும், அது எதற்கு என்பதில் தெளிவு இருக்காது. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டும், அந்தச் சிகிச்சைக்கு ஒப்புதல் பெற்ற மருத்துவமனையில் மட்டும் அது செல்லும். ஒரு மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்பதால் அதன் எல்லாத் துறைகளும் இருக்கின்றன என்று பொருளில்லை. சேர்ந்து முன்பணம் கட்டிய பிறகு இதை அறிவது பெரிய அடி.

சொந்தமாகக் காப்பீடு எடுத்தவர்களும் தப்பவில்லை. அறை வாடகைக்கு உச்சவரம்பு உள்ள பாலிசியில், வரம்பை மீறிய அறையில் தங்கினால் வாடகை வித்தியாசம் மட்டுமல்ல, மருத்துவர் கட்டணம் முதலான பல இனங்களும் அதே விகிதத்தில் வெட்டப்படும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் போட்ட விதிப்படி, பணமில்லாச் சிகிச்சைக்கான அனுமதியை 1 மணி நேரத்துக்குள்ளும், வீட்டுக்கு அனுப்பும்போது இறுதி ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள்ளும் தர வேண்டும். தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்கும் தொகை காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு. இந்த விதியை அறிந்தவர் கவுன்டரில் கேள்வி கேட்பார், அறியாதவர் காத்திருப்பார்.

ஆள் வைத்துப் பார்த்த இடங்கள்

வழிகாட்டும் வேலைக்கென்றே ஆள் வைக்கலாம் என்ற யோசனையை 1990-ல் நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அறுவை மருத்துவர் ஹரால்டு ஃப்ரீமன். அங்கே வந்த ஏழைக் கறுப்பினப் பெண்களில் பாதிப் பேருக்கு மார்பகப் புற்றுநோய் முற்றிய பிறகே தெரிந்தது. ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் 39 விழுக்காடு. இலவசப் பரிசோதனையோடு, சந்தேகம் எழுந்த நாள் முதல் சிகிச்சை முடியும் வரை கூடவே வரும் உள்ளூர் ஆட்களை நியமித்தார். பிந்தைய நோயாளிகளில் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் 70 விழுக்காடாக உயர்ந்தனர். பரிசோதனையும் வழிகாட்டலும் சேர்ந்து தந்த பலன் இது என்பதை மறக்கக் கூடாது. இந்தப் பணிக்கு 2024 முதல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு தனிக் கட்டணமே தருகிறது.

இதற்காக அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இலவசமாகக் கொடுத்தாலும் ஆள் வருவதில்லை என்ற சிக்கலைச் சந்தித்தது. கிராமங்களில் கண் குறை உள்ளவர்களில் 7 விழுக்காட்டினர்கூட முகாமுக்கு வரவில்லை என்று 1999-ல் வெளியான ஆய்வு காட்டியது. பயம், கூட்டிவர ஆளில்லாமை, வீட்டுப் பொறுப்பு ஆகியவை காரணங்கள். முகாமிலிருந்தே பேருந்தில் அழைத்துப்போய், அறுவை செய்து, திரும்பக் கொண்டுவந்து விட்டதோடு, ஆலோசகர்களையும் நியமித்தார்கள். பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள். மருத்துவர் ‘புரை, ஆபரேஷன் வேணும்’ என்று சொன்னதும் நோயாளி அவர்களிடம் போகிறார். என்ன செய்வார்கள், எந்த லென்ஸுக்கு என்ன செலவு, எத்தனை நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது என்பதெல்லாம் அங்கே அவர் மொழியில், அவசரமில்லாமல் பேசப்படுகிறது.

அரசுத் துறையிலும் முன்மாதிரி உண்டு. 1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பிறகு மெல்ல உருவான ‘நம்பிக்கை மையம்’, பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆற்றுப்படுத்துநர் பேசியே ஆக வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தது. உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் ஒருங்கிணைப்பாளர் இல்லாத மருத்துவமனைக்குப் பதிவே கிடையாது. மத்தியச் சட்டத்தில் 2011-ல் வந்த திருத்தம் அதைக் கட்டாயமாக்கியது. நோய் கடினமானது, தவறினால் உயிர் போகும் என்று உணர்ந்த இடங்களில் விளக்கிச் சொல்லும் வேலைக்கு அரசே பதவி உண்டாக்கியிருக்கிறது என்பதற்கு இவை சான்று. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் புற்றுக்கும் அந்த நியாயம் ஏன் பொருந்தாது?

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பாதி பதில் சொல்கிறது. மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார். ஐ.நா. விருதும் கிடைத்த திட்டம். தெரிந்த முகம் மாதந்தோறும் வாசலுக்கு வருவதால் மருந்து தொடர்கிறது. ஆனால் அவர் வாங்குவது ஊக்கத்தொகை. நோயாளி மாவட்ட மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அங்கே இந்தத் தன்னார்வலருக்கு அதிகாரமோ தொடர்போ கிடையாது. வாசல் வரை வந்த துணை, பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் அற்றுப்போகிறது.

தனியார் மருத்துவமனைகளில் ‘கோஆர்டினேட்டர்’ என்ற பெயரில் ஆட்கள் இருக்கிறார்கள். உதவுகிறார்கள்தான். ஆனால் சம்பளம் கொடுப்பது மருத்துவமனை. ‘இந்தச் சிகிச்சை உங்களுக்கு இப்போது தேவையில்லை’ என்றோ ‘இதே சிகிச்சை அரசு மருத்துவமனையில் இருக்கிறது’ என்றோ அவர் சொல்ல முடியாது. நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் வாங்குவது 2002 மருத்துவ நெறிமுறைப்படி தவறு. ஆனாலும் ‘கட்’ என்ற சொல் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே வழிகாட்டும் ஆள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதே முக்கியக் கேள்வி.

சட்டமும் கைப்பேசியும்

நோயாளியின் கையில் சட்டம் சில பிடிமானங்களைக் கொடுத்திருக்கிறது. அவசர சிகிச்சையை எந்த மருத்துவரும் மறுக்கக் கூடாது என்று 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பு வந்தது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது என்பதை 2008-ல் சமீரா கோலி வழக்கு உறுதிசெய்தது. மருத்துவ ஆவணங்களின் நகலைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 நெறிமுறை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளர் உரிமைப் பட்டயத்தில், இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்கும் உரிமை, விவரமான பில் பெறும் உரிமை, விரும்பிய கடையில் மருந்து வாங்கும் உரிமை எல்லாம் இடம்பெற்றன.

இவற்றால் பயன் உண்டு. ஆனால் சட்டம் பெரும்பாலும் தவறு நடந்த பிறகே கைகொடுக்கிறது. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதும், என்ன செய்யப்போகிறோம் என்று புரியவைப்பதும் ஒரே காரியமாக ஆகிவிடாது. அறுவை அரங்கின் வாசலில் நிற்கும் மனைவியிடம் நாலு பக்கத் தாளை நீட்டினால், அவர் கேட்கும் ஒரே கேள்வி ‘எங்கே கையெழுத்துப் போடணும்?’ என்பதாகத்தான் இருக்கும்.

தொழில்நுட்பத்தின் கதையும் இப்படியே. ‘ஆபா’ என்ற 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண்ணில் பழைய அறிக்கைகளைச் சேர்த்துவைத்தால், மஞ்சள் பையில் சீட்டுகளைச் சுமக்கும் பாடு குறையும். 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைத்து ஆலோசனை கேட்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் ஆய்வக அறிக்கையில் சிவப்பில் தெரியும் எண்ணைப் பார்த்து இரவெல்லாம் தூங்காதவருக்கு இன்னொரு செயலி மருந்தில்லை. அந்த எண் அவர் வயதுக்குப் பயப்பட வேண்டியதா இல்லையா என்று சொல்லும் குரல்தான் தேவை.

என்ன செய்யலாம்?

இதுவரை பார்த்தவற்றில் ஒரு பொது அம்சம் தெரிகிறது. பலித்த இடங்களில் எல்லாம் பெயர் தெரிந்த ஓர் ஆள், சம்பளத்தோடு, நோயாளி அடுத்த படிக்குப் போனாரா என்று பார்க்கும் பொறுப்போடு இருந்தார். துண்டறிக்கையும் பலகையும் செயலியும் அவருக்குக் கருவிகளாகவே பயன்பட்டன.

இதற்கு மறுப்பும் உண்டு. மருத்துவரும் செவிலியரும் போதாத இடத்தில் விளக்கம் சொல்ல ஆள் எதற்கு என்று கேட்கலாம். ஸ்கேன் கருவிக்கு மூன்று வாரக் காத்திருப்பு இருந்தால், வழிகாட்டி வரிசையைச் சுருக்கிவிடப் போவதில்லை என்பதும் உண்மை. ஆனால் பாதியில் விட்டுப்போன நோயாளி முற்றிய நிலையில் திரும்பும்போது ஆகும் செலவையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். செலவு பெரிதும் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் புறநோயாளிப் பகுதியில் சில ஆலோசகர்கள், மருந்து ஜன்னலுக்கு அருகே திருப்பிச் சொல்லவைக்க ஒருவர், வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றோடு தொடங்கலாம். அந்தக் குறிப்பில் என்ன நோய், எந்த மாத்திரை எதற்கு, எப்போது மறுபடி வர வேண்டும், எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்ற நான்கும் இருந்தால் போதும். மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலரின் பட்டியலும் மருத்துவமனை ஆலோசகரின் பட்டியலும் ஒன்றாக இணைய வேண்டும். இந்த ஆட்கள் எந்தத் தனியார் மருத்துவமனைக்கும் கடன்பட்டவர்களாக இருக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எண்ணை அரசு வெளியிடத் தொடங்க வேண்டும். எத்தனை பேருக்குச் சிகிச்சை அளித்தோம் என்ற கணக்கு ஏற்கெனவே ஆண்டுதோறும் வருகிறது. மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்ற கணக்கு மாவட்டவாரியாக வர வேண்டும். கூட வர யாருமில்லாத முதியவரும், தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளியும், கூலியை விட்டுவிட்டு வர முடியாத தாயும் அந்தக் கணக்கில்தான் முதன்முறையாக அரசின் கண்ணுக்குத் தெரிவார்கள். அவர்களுக்குச் சரியாக நடக்கும் மருத்துவமனை, மற்ற எல்லோருக்கும் தானாகவே நடக்கும்.